முள் இறங்கிய இடம்

காரா-பல்டாவில், மலைப்பாதை தரையைத் தொடும் வளைவில்
என் கொட்டகை.
கயிற்றில் கட்டி இழுத்துவந்தார்கள் ஒரு ஆடி நூறை.
எண்பத்தொன்பதில் பிறந்த வண்டி, ஐந்து சிலிண்டர்.
லாரிக்காரன் கயிற்றை மட்டும் அவிழ்த்துக்கொண்டு போனான்.

"கொஞ்சம் சூடாகிவிட்டது, சைகால்" என்றார் தோல்குன்பெக்.
எல்லாருமே கொஞ்சம் என்றுதான் சொல்வார்கள்.

பானெட்டைத் தூக்கினேன்.
பிளாஸ்டிக் டப்பா ஒரு பக்கம் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.
தொட்ட ரப்பர் குழாய் ரொட்டித்தூளாய் உதிர்ந்தது.
உள்ளேயிருந்து, காய்ச்சித் தீய்ந்த பாகின் வாசனை.

"முள் சிவப்பைத் தொடவே இல்லை.
ஏறியது, இல்லையென்று சொல்லவில்லை.
பிறகு தானாகவே இறங்கியது.
இறங்கியதால்தானே ஓட்டினேன்!"

நீருக்குள் விரல் விட்டுத்தான்
அந்த முள் சூடு பார்க்கும்.
நீர் தீர்ந்தபின் விரல் வெறும் வெளியில் தொங்கும்.
ஒன்றும் தெரியவில்லை என்பதை
ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடும்.
இதை அவரிடம் சொல்லவில்லை. வயதில் மூத்தவர்,
நெற்றியில் கரி வேறு.

எண்ணெய்க் கோலை உருவித் துடைத்து, விட்டு, எடுத்தேன்.
கறுப்பு. மோர் கலக்கவில்லை.
மூடியின் அடியில் மட்டும் நகக்கண் அளவு வெள்ளை ஆடை.
குளிர்காலத்தில் பக்கத்துத் தெருவுக்கு ஓடும் வண்டியிலும் இருக்கும்,
அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

பிளக்குகளைக் கழற்றி வரிசையாக அடுக்கினேன்.
ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து: புகைக்காரன் பல்.
மூன்றாவது மட்டும்
குளித்துத் தலைவாரிக் கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோல் சுத்தம்.
நீராவி கழுவிய சுத்தம்.

அழுத்தம் அளக்க யாராவது சாவி திருப்ப வேண்டும்.
அதுவரை பின் இருக்கையை விட்டு இறங்காமலிருந்த மனைவி,
புருல் என்று பெயர், முன்னால் வந்து உட்கார்ந்தாள்.
பதினொன்று. பதினொன்று.
நான்கு. நான்கு.
பத்தரை.
மூன்றிலும் நான்கிலும் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி மறுபடி.
அசையவில்லை. ஆக, வளையங்கள்மேல் குற்றமில்லை.

"ஹீட்டர் எங்கே குளிர ஆரம்பித்தது?"
"ஹீட்டரா? கவனிக்கவில்லையே."
சாவியிலிருந்து கையை எடுக்காமல் புருல் சொன்னாள்:
"சுரங்கத்தில். பாதிச் சுரங்கத்தில்.
சீட்டுக்கு அடியிலிருந்து காலில் பனிக்காற்று. அப்புறம் இந்த வாசனை."

சுரங்கத்திலிருந்து இங்கே அறுபது கிலோமீட்டர்.
அவர் மெல்லத் திரும்பினார்.
"ஏன் சொல்லவில்லை?"
"சூசாமிரில் வாயை மூடு என்றாய்."

நான் ஸ்பானரை எண்ணெயில் கழுவினேன்,
சுத்தமாக இருந்த ஸ்பானரை.

மறுநாள் ஹெட்டைத் தூக்கிப் பலகையில் கவிழ்த்தேன்.
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கேஸ்கெட் எரிந்து
ஒரு கறுத்த வழி. ஒன்றின் மூச்சு மற்றதற்குள் போய்வந்த வழி.
இரும்பு அளவுகோலைக் குறுக்கே வைத்தேன்.
அடியில் மெல்லிய தகடு நுழைந்தது. அடுத்ததும் நுழைந்தது.
கால் மில்லிமீட்டர் கூடச் சிணுங்காமல் நுழைந்தது.
இழைத்துவிடலாம், பிஷ்கேக்கில் ஒருவன் இருக்கிறான்.
மூன்றாவதில், இரண்டு வால்வுகளுக்கு நடுவே மயிரிழையாய் ஒரு விரிசல்.
நகத்தால் தடவினால் தெரியாது, மைக்குத்தான் தெரிந்தது.
அந்த அளவு விரிசலோடு பத்து வருடம் ஓடியவை உண்டு.

தொகையைச் சொன்னேன். அவர் பார்த்தது என்னை அல்ல, அவளை.
"கீழே?" என்று கேட்டாள் புருல். "கீழே எப்படி?"
நல்ல கேள்வி. அவர் கேட்டிருக்க வேண்டியது.
"தெரியாது" என்றேன்.

வந்த மார்ஷ்ருட்காவில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது.
ஏறச்சொல்லி அவர் கைகாட்டினார். அவள் ஏறவில்லை.
அடுத்ததற்கு நின்றார்கள், பேசாமல்தான்,
ஒரே நிழலில்.

நான் எண்ணெய் வடிகட்டியை அறுத்து
மடிப்பு மடிப்பாகப் பிரித்து வெயிலில் பிடித்தேன்.
பேரிங் தேய்ந்திருந்தால் அங்கே மினுங்கும்.
ஏதோ மினுங்கியது.
எண்ணெயாகவும் இருக்கலாம்.